எச்.ஐ.வி. தொற்றும் நிணநீர்ப் புற்றும்: எதிர்ப்பொருள் மரபணு ஆய்வின் வரலாறு

முன்னுரை

ஒரு நோயும் அதனை ஆராய்வதற்கு ஏற்ற கருவியும் வெவ்வேறு இடங்களில் ஒன்றையொன்று அறியாமல் தோன்றி, பின்னர் ஒரு காலகட்டத்தில் சந்திப்பது அறிவியல் வரலாற்றில் அரிதாக நிகழ்வதாகும். எச்.ஐ.வி. தொற்றுடையோர்க்கு உண்டாகும் நிணநீர்ப் புற்றின் ஆய்வு வரலாறு அத்தகைய சந்திப்புகளுள் ஒன்று. எதிர்ப்பொருள் மரபணுக்களின் இயல்பு 1976இல் வெளிப்பட்டது. அவ்வறிவு நோயறியும் முறையாக 1983ஆம் ஆண்டளவில் உருப்பெற்றது. எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் அறிக்கை வெளிவந்தது 1981இல் ஆகும்.

இந்நிணநீர்ப் புற்றுக்கு வைரஸ் எவ்வாறு காரணமாகிறது என்னும் வினாவுக்கு நுண்ணோக்கி மட்டும் விடை தர இயலவில்லை. புற்று உயிரணுக்கள் தம்முள் சுமந்திருந்த எதிர்ப்பொருள் மரபணுக்களே அவ்விடையைப் படிப்படியாக அளித்தன. அவ்விடை உருவான வகையைக் கால வரிசையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரே வகை உயிரணுவின் வழித்தோன்றல்களைக் குறிக்கக் ‘கால்வழி’ என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

கம்பாலாவில் கண்ட கட்டி

இவ்வரலாற்றின் தொடக்கம் எய்ட்ஸ் அறியப்படுவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முற்பட்டது. உகாண்டா நாட்டுத் தலைநகர் கம்பாலாவில் உள்ள முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் மிக விரைந்து வளரும் ஒருவகைக் கட்டியை 1958இல் விவரித்து எழுதினார். அது நிணநீர் உயிரணுக்களின் புற்று எனப் பின்னர்த் தெளிவாகி, பர்கிட் நிணநீர்ப் புற்று எனப் பெயர் பெற்றது. பர்கிட் 1961இல் இலண்டனில் ஆற்றிய உரையைக் கேட்ட ஆன்டனி எப்ஸ்டீன், இக்கட்டிக்கு வைரஸ் ஒன்று காரணமாகலாம் எனக் கருதித் தேடலானார். 1964இல் அவரும் பெர்ட் அச்சாங், இவான் பார் ஆகியோரும் கட்டி உயிரணுக்களில் ஒரு வைரஸைக் கண்டனர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என அறியப்படுவது இதுவே.

கம்பாலாவில் இந்நோய்க்கெனச் சிகிச்சை மையம் ஒன்று 1967இல் அமைந்தது. அதனை நடத்த அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஜான் சீக்ளர். 1972 வரை அங்குப் பணியாற்றிய அவர், இப்புற்றின் தோற்றத்தையும் போக்கையும் நேரில் கண்டறிந்தவர். அவருடைய அந்த அனுபவம் பத்தாண்டு கழித்து வேறொரு கண்டத்தில் பயன்பட்டது.

எதிர்ப்பொருள் மரபணுவின் புதிர்

உடலுள் புகும் அயற்பொருள்களை இனங்கண்டு பற்றும் புரதங்கள் எதிர்ப்பொருள்கள் எனப்படும். அவற்றை ஆக்குவன பி-உயிரணுக்கள். அயற்பொருள்கள் எண்ணிறந்தன, அவற்றுக்கேற்ற எதிர்ப்பொருள்களும் எண்ணிறந்தன. ஆனால் மனிதனின் மரபணுத் தொகுதியோ அளவுக்குட்பட்டது. அவ்வாறாயின் இத்துணை வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் விடை காணாப் புதிராக இருந்தது.

ஆஸ்திரேலிய அறிஞர் மக்ஃபார்லேன் பர்னெட் 1957இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். ஒவ்வோர் உயிரணுவும் ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டுமே ஆக்கும் என்பதும், அயற்பொருள் தனக்குப் பொருந்தும் உயிரணுவைத் தேர்ந்து பெருகச் செய்யும் என்பதும் அதன் சாரம். 1965இல் வில்லியம் டிரையர், கிளாட் பென்னட் ஆகியோர் எதிர்ப்பொருளின் ஒரே சங்கிலியை இரு தனி மரபணுக்கள் சேர்ந்து ஆக்கலாம் எனக் கருதுகோள் உரைத்தனர். ஒரு புரதச் சங்கிலிக்கு ஒரு மரபணு என்னும் கொள்கை வேரூன்றியிருந்த அக்காலத்தில் இக்கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை.

இதற்குச் சான்று கிடைத்த இடம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர நோயெதிர்ப்பியல் நிறுவனம். அங்குச் சுசுமு தொனெகவாவும் நொபுமிச்சி ஹொசுமியும் எலிக் கருவின் டி.என்.ஏ.வையும் எதிர்ப்பொருள் ஆக்கும் எலிப் புற்றணுவின் டி.என்.ஏ.வையும் நொதியால் வெட்டி ஒப்பிட்டனர். கருவில் எதிர்ப்பொருள் மரபணுவின் இரு பகுதிகளும் வெவ்வேறு துண்டுகளில் இருந்தன. புற்றணுவில் அவை ஒரே துண்டில் சேர்ந்திருந்தன. உயிரணு முதிரும்போது இம்மரபணு வெட்டி ஒட்டப்படுகிறது என்பது இதனால் உறுதிப்பட்டது. 1976இல் வெளிவந்த இம்முடிவுக்கு அடிப்படை இட்ட ஆய்வுகளுக்காகத் தொனெகவா 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

மனிதரில் கனச் சங்கிலிக்குரிய மரபணுத் துண்டுகள் 14ஆம் குரோமோசோமில் உள்ளன. செயற்படும் ‘வி’ துண்டுகள் ஏறத்தாழ 40. ‘டி’ துண்டுகள் 20க்கு மேற்பட்டன. ‘ஜே’ துண்டுகள் 6. ஒவ்வொரு பி-உயிரணுவும் இவற்றுள் ஒவ்வொன்றைத் தேர்ந்து இணைத்துக்கொள்கிறது. இணையும் இடத்தில் சில எழுத்துகள் நீங்குவதும் புதியன சேர்வதும் உண்டு. ஆதலின் ஒரு பி-உயிரணுவின் இணைப்பு மற்றொன்றின் இணைப்பை ஒத்திருப்பது மிக அரிது. அவ்வணு பெருகினால் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் அந்த இணைப்பையே கொண்டிருக்கும். ஒரு மூலச் சுவடியிலிருந்து எழுந்த படிகளை அவற்றின் பொதுப் பாடத்தால் இனங்காணும் பதிப்பாசிரியரின் முறையோடு இதனை ஒப்பிடலாம்.

நோயறி கருவியாக உருப்பெறுதல்

எட்வின் சதர்ன் 1975இல் எடின்பரோவில் வெளியிட்ட பதிவு முறை இவ்வறிவை மருத்துவத்திற்குக் கொண்டுவந்தது. திசுவிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வை நொதியால் வெட்டி, துண்டுகளை அளவு வாரியாக மின்புலத்தில் ஓடவிட்டு, மெல்லிய தாளில் பதித்து, தேடும் மரபணுவைக் கதிரியக்கக் குறியுடைய துணுக்கால் அடையாளம் காண்பது அம்முறையாகும். எதிர்ப்பொருள் மரபணு மாறாத உயிரணுக்களில் பட்டை எல்லோர்க்கும் ஒரே இடத்தில் விழும். பலவகைப் பி-உயிரணுக்கள் கலந்த திசுவில் அவற்றின் இணைப்புகள் பல அளவுகளில் சிதறுவதால் புதிய பட்டை தெளிவாகத் தோன்றாது. ஒரே கால்வழி பெருகியிருந்தால் மட்டும் புதிய இடத்தில் தெளிந்த பட்டை விழும்.

அமெரிக்கத் தேசியப் புற்று நிறுவனத்தைச் சார்ந்த ஸ்டான்லி கோர்ஸ்மேயர், தாமஸ் வால்ட்மன் முதலியோர் 1981இல் இரத்தப் புற்றணுக்களிலும் 1983இல் நிணநீர்ப் புற்றுகளிலும் இம்முறையைப் பயன்படுத்தினர். நுண்ணோக்கியில் ஐயத்துக்கிடமான கட்டிகளையும் இனங்காண அது உதவியது. 1984இல் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் கிளியரி, ஜெஃப்ரி ஸ்கிளார் ஆகியோர் இதயமாற்று அறுவைக்குப் பின் தோன்றிய நிணநீர்ப் புற்றுகளை ஆராய்ந்து, ஒரே நோயாளியிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கால்வழிகள் இருப்பதைக் காட்டினர். எதிர்ப்பாற்றல் மருந்தால் ஒடுக்கப்பட்ட உடலில் புற்று வேறுவகையாக உருவாகலாம் என்பதற்கு இது முன்னறிவிப்பாக அமைந்தது.

இதே ஆண்டுகளில் மற்றோர் இணையான கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. பர்கிட் புற்றணுக்களில் 8ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி 14ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறுவது 1976இல் அறியப்பட்டிருந்தது. அவ்வாறு இடம் மாறுவது உயிரணுப் பெருக்கத்தை ஆளும் சி-மிக் என்னும் மரபணு என்பதும், அது சென்று சேரும் இடம் எதிர்ப்பொருள் மரபணுவின் இருப்பிடம் என்பதும் 1982இல் ரிக்கார்டோ டல்லா-ஃபவேரா, கார்லோ குரோச்சே, பிலிப் லீடர் முதலியோரின் ஆய்வுகளால் வெளிப்பட்டன. எதிர்ப்பொருளை இடையறாது ஆக்குமாறு அமைந்த இடத்தில் சி-மிக் அமர்வதால் அதுவும் ஓய்வின்றி இயங்குகிறது. எனவே எதிர்ப்பொருள் மரபணு புற்றின் அடையாளமாக இருப்பதோடு அதன் தோற்றத்திலும் பங்கு கொள்கிறது என்பது தெளிவாயிற்று.

சான் பிரான்சிஸ்கோவில் புதிய நோய்

1981 ஜூன் 5ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்க்கு அரியவகை நிமோனியா கண்டதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழ் அறிவித்தது. எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை இதுவாகும். அடுத்த ஆண்டு, சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய ஜான் சீக்ளரும் பிறரும் ஓரினச் சேர்க்கை ஆண்கள் நால்வர்க்குப் பர்கிட் புற்றை ஒத்த நிணநீர்ப் புற்று தோன்றியதை எழுதினர். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் கண்ட தோற்றத்தை அமெரிக்க நகரத்து ஆடவரிடம் மீண்டும் கண்டவர் அவர். 1984இல் அவர் தலைமையில் வெளிவந்த மற்றொரு கட்டுரை இத்தகைய 90 நோயாளிகளைப் பற்றிக் கூறியது. புற்று நிணநீர்க் கணுக்களை மீறி மூளை, எலும்பு மச்சை, குடல் ஆகிய இடங்களில் பரவியிருந்தது அவர்களிடம் காணப்பட்ட தனித்தன்மை.

நோயாளிகள் தொடக்கத்தில் தம் வாழ்க்கைமுறையால் வகைப்படுத்தப்பட்டனர். 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸ் பிரித்தறியப்பட்டது. 1985இல் அதற்குரிய இரத்தப் பரிசோதனை பயனுக்கு வந்தது. அவ்வாண்டே, பரிசோதனையால் தொற்று உறுதிப்பட்டவர்க்குத் தோன்றும் தீவிர வகைப் பி-உயிரணு நிணநீர்ப் புற்றும் எய்ட்ஸ் வரையறையுள் சேர்க்கப்பட்டது. நோயாளி எக்குழுவினர் என்பது பொருளற்றதாகி, தொற்று உண்டா என்பதே அளவுகோலாயிற்று. இந்த வைரஸ் 1986இல் எச்.ஐ.வி. எனப் பெயரிடப்பெற்றது.

நெறிகட்டும் புற்றும்: 1986ஆம் ஆண்டின் ஆய்வு

தொற்றுடையோர் பலர்க்குக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நெறிகட்டி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. அவ்வீக்கம் புற்றா, புற்றின் முன்னிலையா, வெறும் எதிர்வினையா என்பது நோயாளிக்கும் மருத்துவர்க்கும் உயிர்போகும் வினாவாக இருந்தது. புற்றெனத் தவறாகக் கொண்டால், ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் கடுமையான மருந்துகள் செலுத்தப்படும். புற்றை அறியாது விட்டால் சில மாதங்களில் உயிர் போகும்.

நியூயார்க்கில் டல்லா-ஃபவேரா, டேனியல் நோல்ஸ் ஆகியோருடன் பியர் ஜுசெப்பே பெலிச்சி 1986இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவை எதிர்ப்பொருள் மரபணு வழியே அணுகியது. அதன் முடிவுகள் மூன்று. முதலாவது, நெறிகட்டிய கணுக்களில் ஒரு பகுதியில், புற்று எனக் கூற இயலாத நிலையிலேயே, சில பி-உயிரணுக் கால்வழிகள் தனித்துப் பெருகியிருந்தன. புற்றுகள் பெரும்பாலானவற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கால்வழிகள் இருந்தன. இரண்டாவது, சி-மிக் மரபணுவின் இடமாற்றம் புற்றுகளில் இருந்தது. நெறிகட்டிய கணுக்களில் இல்லை. மூன்றாவது, புற்றின் டி.என்.ஏ.வில் எச்.ஐ.வி.யின் மரபணு காணப்படவில்லை.

இம்மூன்றாவது முடிவு வரலாற்று முக்கியத்துவம் உடையது. வைரஸால் உண்டாகும் புற்றில் வைரஸின் மரபணு புற்றணுவுக்குள் இருக்கும் என்பதே அதுவரை பலரின் எதிர்பார்ப்பு. இங்கோ வைரஸ் புற்றணுவில் இல்லை. ஆகவே அது புறத்தே நின்று புற்றுக்கு வழிசெய்கிறது என்று கருத வேண்டியதாயிற்று. எய்ட்ஸ் நோயாளிகளின் பி-உயிரணுக்கள் தூண்டுதலின்றியே பேரளவில் எதிர்ப்பொருள் சுரப்பதை கிளிஃபோர்டு லேன், அந்தோணி ஃபௌச்சி முதலியோர் 1983இல் காட்டியிருந்தனர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போது ஒரு வரிசை புலனாகிறது. முதலில் நெடுநாள் தூண்டுதல்; அதனால் பல கால்வழிகளின் பெருக்கம்; அவற்றுள் ஒன்றில் மரபணு விபத்து; அதன் விளைவாகப் புற்று. ஒரு கால்வழி பெருகியிருப்பது மட்டுமே புற்று ஆகாது என்னும் எச்சரிக்கையையும் இவ்வாய்வு மருத்துவர்க்கு அளித்தது.

ஒரே தோற்றம், வேறு வரலாறு

சீக்ளர் கண்ட ஒற்றுமை எவ்வளவு ஆழமானது என்பது அடுத்து எழுந்த வினா. கம்பாலாவின் கட்டியும் சான் பிரான்சிஸ்கோவின் கட்டியும் ஒரே நோய்தானா? 1988இல் அன்டோனினோ நேரி, டல்லா-ஃபவேரா ஆகியோரும், உகாண்டாவில் பணியாற்றிய அனுபவமுடைய இயன் மக்ராத்தும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கண்டது. இரண்டிலும் 8, 14ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. ஆனால் 14ஆம் குரோமோசோம் முறிந்த இடம் வேறுபட்டது. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் புற்றில் முறிவு ‘ஜே’ துண்டுகளை அடுத்து நிகழ்ந்திருந்தது. எய்ட்ஸ் சார்ந்த பர்கிட் புற்றில் முறிவு, எதிர்ப்பொருள் தன் வகையை மாற்றிக்கொள்ளும் பகுதியில் இருந்தது.

எதிர்ப்பொருளின் வகைமாற்றம் என்பது, அயற்பொருளை எதிர்கொண்டு தூண்டப்பட்ட முதிர்ந்த பி-உயிரணு, அதே இலக்கைப் பற்றும் திறனோடு வேறு வகை எதிர்ப்பொருளுக்கு மாறுவதாகும். அதற்காக உயிரணு தன் மரபணுவைத் தானே வெட்டி ஒட்டுகிறது. எய்ட்ஸ் சார்ந்த புற்றின் முறிவு அங்கு நிகழ்ந்திருப்பது, தூண்டப்பட்ட உயிரணுவின் பணிக்கிடையே நேர்ந்த பிழையே புற்றுக்கு வித்திட்டது என்பதைச் சுட்டியது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஆப்பிரிக்கப் புற்றுகள் ஏறத்தாழ அனைத்திலும் இருக்க, எய்ட்ஸ் சார்ந்த பர்கிட் புற்றுகளில் ஒரு பகுதியில் மட்டுமே இருப்பதும் இவ்வேறுபாட்டுக்கு அரண் செய்தது. நுண்ணோக்கியில் ஒன்றாகத் தோன்றியவை மரபணுவில் இரு வேறு வரலாறுகளைக் கொண்டிருந்தன.

எழுத்து வரிசையைப் படித்தல்

1990களில் மரபணுத் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கும் முறையும் எழுத்து வரிசையைப் படிக்கும் முறையும் ஆய்வகங்களில் பரவின. அதனால் பட்டையின் இருப்பிடத்தை நோக்குவதோடு நில்லாமல், மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க முடிந்தது. நிணநீர்க் கணுவின் முளை மையத்தில் பி-உயிரணு தன் ‘வி’ துண்டில் மிகுந்த வேகத்தில் எழுத்து மாற்றங்களை அடைகிறது. ஆதலின் மாற்றங்கள் உள்ள புற்று முளை மையத்தைக் கடந்து வந்தது எனவும், மாற்றம் இல்லாதது அதற்கு முற்பட்ட நிலையைச் சார்ந்தது எனவும் கொள்ளலாம்.

1994இல் பவோலோ கசாலி குழுவினர் எய்ட்ஸ் சார்ந்த இரு பர்கிட் புற்றுகள் ஆக்கிய எதிர்ப்பொருள்களை ஆராய்ந்தனர். அவை எச்.ஐ.வி.யைப் பற்றவில்லை, உடலின் சொந்தச் சிவப்பணுக்களில் உள்ள ‘ஐ’ என்னும் பொருளைப் பற்றின. ‘வி’ துண்டுகளில் மாற்றங்களும் இருந்தன. உடலின் தன்பொருளே சில உயிரணுக்களுக்கு ஓயாத தூண்டுதலாகலாம் என்னும் கருத்துக்கு இது இடமளித்தது. எனினும் ஆராயப்பட்டவை இரண்டே புற்றுகள் என்பதால் இதனைப் பொதுவிதியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இக்காலத்தில் ஒரு கருத்து வேறுபாடும் எழுந்தது. சான் பிரான்சிஸ்கோவைச் சார்ந்த மைக்கேல் மக்ராத் குழுவினர், எய்ட்ஸ் சார்ந்த நிணநீர்ப் புற்றுகள் சிலவற்றில் தனித்த கால்வழி எதுவும் காணப்படவில்லை எனவும், அவை பன்மூலப் பெருக்கங்கள் எனவும் 1991, 1992ஆம் ஆண்டுகளில் எழுதினர். புற்று என்றாலே ஒரு மூலத்தினது என்னும் கொள்கைக்கு இது மாறானது. நியூயார்க் ஆய்வாளர்களின் புற்றுகளில் ஒருமூலத் தன்மையும் மரபணுச் சிதைவுகளும் மிகுதியாகக் காணப்பட்டன. எய்ட்ஸ் சார்ந்த நிணநீர்ப் புற்று என்பது ஒரே நோயன்று. பல நோய்களின் தொகுதி என்னும் தெளிவு இவ்விவாதத்தின் பயனாக வலுப்பெற்றது. 1995இல் எத்தல் செசர்மன் முதலியோர், நெஞ்சு, வயிறு ஆகிய உட்குழிகளில் நீராகத் தேங்கும் அரிய வகைப் புற்றில், முந்திய ஆண்டில் கண்டறியப்பட்ட மற்றொரு ஹெர்ப்பிஸ் வைரஸ் இருப்பதைக் காட்டியது இத்தெளிவுக்கு மேலும் துணையாயிற்று.

வெட்டும் நொதியும் முன்னறிகுறியும்

பி-உயிரணு தன் மரபணுவை வெட்டுவதற்குப் பயன்படுத்தும் கருவி எது என்பது கியோட்டோவில் தசுகு ஹொன்ஜோ, மசமிச்சி முரமத்சு ஆகியோரின் ஆய்வுகளால் வெளிப்பட்டது. 1999இல் கண்டறியப்பட்ட அந்நொதி, வகைமாற்றம், எழுத்து மாற்றம் ஆகிய இரண்டுக்கும் இன்றியமையாதது என 2000இல் காட்டப்பட்டது. சி-மிக் மரபணு எதிர்ப்பொருள் மரபணுவோடு இணைவதற்கும் இந்நொதி தேவை என 2004இல் மைக்கேல் நுசன்ஸ்வைக் ஆய்வகம் எலிகளில் மெய்ப்பித்தது. உடலைக் காக்கும் பொருட்டு அமைந்த கருவியே புற்றுக்கும் வாயிலாகிறது என்பது இதனால் பெறப்படும்.

2007இல் மார்த்தா எபெல்தெகி, ஓட்டோனியல் மார்டினெஸ்-மாசா முதலியோர், பின்னாளில் நிணநீர்ப் புற்றுக்கு ஆளான எச்.ஐ.வி. தொற்றுடையோரின் இரத்த உயிரணுக்களில் இந்நொதி நோய்க்கு முன்பே மிகுந்திருந்ததை அறிவித்தனர். 2010இல் ஓலா லாண்ட்கிரன் முதலியோர், அத்தகையோரின் குருதியில் எதிர்ப்பொருளின் கப்பா, லாம்டா என்னும் இருவகை இலகுச் சங்கிலிகளும் நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உயர்ந்திருந்ததைக் காட்டினர். ஒரு வகை மட்டும் உயர்ந்திருந்தால் அது ஒரு கால்வழியின் பெருக்கமாகும். இரண்டும் உயர்ந்திருந்தமை பி-உயிரணுக்கள் பரவலாகத் தூண்டப்பட்டதற்குச் சான்றாகும். 1986இல் நெறிகட்டிய கணுக்களைக் கொண்டு ஊகித்த வரிசை இவ்வாறு குருதிச் சான்றாலும் வலுப்பெற்றது.

முடிவுரை

எச்.ஐ.வி. சார்ந்த நிணநீர்ப் புற்றின் ஆய்வில் எதிர்ப்பொருள் மரபணு மூவகைப் பணி ஆற்றியுள்ளமை இதுகாறும் கூறியவற்றால் விளங்கும். கால்வழியைக் காட்டும் அடையாளமாகவும், புற்றணு கடந்து வந்த நிலைகளைக் கூறும் ஆவணமாகவும், புற்று தோன்றும் முறிவின் இடமாகவும் அது அமைந்தது. வைரஸ் புற்றணுவுக்குள் இல்லை என்னும் முடிவு, வைரஸை அடக்குவதன் வாயிலாகப் புற்றைக் குறைக்கலாம் என்னும் நம்பிக்கைக்கும் இடந்தந்தது. 1996 முதல் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சைக்குப் பின், எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய நிலையில் தோன்றும் மூளை நிணநீர்ப் புற்று பெரிதும் குறைந்தது. பர்கிட் புற்று அவ்வளவாகக் குறையவில்லை. எதிர்ப்பாற்றல் ஓரளவு எஞ்சியுள்ள நிலையிலேயே அது தோன்றுவது இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஒரே பெயரால் வழங்கப்பட்ட நோய்கள் தம்முள் வேறுபட்டவை என மரபணு முன்னரே உரைத்ததை நோயாளிகளின் எண்ணிக்கையும் பின்னர் உறுதிசெய்தது. எனவே தொற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை அளித்தலும், நீடித்த நெறிகட்டை முறையாக ஆராய்தலும் இவ்வரலாறு வலியுறுத்தும் இரு கடமைகளாகும்.